மேலே இரண்டு வரி

சனிக்கிழமை காலை பத்து மணி நாலு நிமிடத்துக்குச் சிங்காரவேலுவின் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவருடைய சம்பா நெல்லை 1902-ஆம் வருடம் பிப்ரவரி 24-ஆம் தேதி அறுத்துக்கொள்ளும்படி அது பணிவுடன் கேட்டுக்கொண்டது.

பத்தேகாலுக்கெல்லாம் அவர் குடவாசல் கடைத்தெருவில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நெற்குஞ்சம் உழவர் கம்பெனியின் படியில் ஏறிக்கொண்டிருந்தார். கம்பெனியின் ஐந்து டைரக்டர்களில் அவர் ஒருவர். உறுப்பினர் எண் ஒன்று. கம்பெனி ஆரம்பித்த அன்று உறுப்பினர் படிவத்தை முதல் ஆளாக வாங்க அவர் விடியற்காலை ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

மேலே தமிழ்நிலா தனியாக இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்; இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்கு இருக்கும் ஒரே கம்ப்யூட்டரும், ஒரே பிரிண்டரும், அறுபது உறுப்பினர்களின் பெயரும் ஊரும் போன் நம்பரும் அடங்கிய எக்செல் ஃபைலும் அவள் பொறுப்பு.

"இந்தாம்மா, இதைப் படி" என்று போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார் சிங்காரவேலு.

படித்தாள். "சார்..."

"எங்க தாத்தாவுக்கு அப்பா இருந்த காலம். அவருக்குப் போகவேண்டியது தப்பி எனக்கு வந்துடுச்சா?"

"ஏதோ ஃபார்முலா தகராறு சார். இப்பவே பாக்குறேன்."

மேஜைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டாள். உறுப்பினர் எண் இரண்டு, அப்துல் வஹாப். "பாப்பா, மெசேஜ் வந்துச்சு. 'தங்கள் அறுவடை நாள்: அறுவடை நாள்'னு இருக்கு. தப்பு சொல்லலை. நான் என்னைக்கு அறுத்தாலும் அன்னைக்குத்தானே எனக்கு அறுவடை நாள்? இருந்தாலும் தேதி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும். ஆளுக்குச் சொல்லணும் பாரு."

"அரை மணி நேரத்துல கூப்புடுறேங்க."

அவள் போனை வைப்பதற்காகவே காத்திருந்ததுபோல் சிங்காரவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணாம் நம்பருக்கு 1902. ரெண்டாம் நம்பருக்குத் தேதியே இல்லை. மூணாம் நம்பருக்கு என்ன வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

மூன்றாம் நம்பர் தமிழ்நிலாவின் அப்பா மருதையன்.

"வர்ற வழியில பாத்தேன். டீக்கடையில நின்னுக்கிட்டு உங்கப்பன் எல்லாருக்கும் போனைக் காட்டுறான். இருபத்தேழாம் தேதி, முதல் மெஷின், முதல் முறை. அது என் முறை. குடத்துல கைவிட்டு நான் எடுத்த சீட்டு. அது எப்படிம்மா எங்கிட்டேருந்து கழண்டு, நடுவுல ஒருத்தரைத் தாண்டி, நேரா உன் வீட்டு வாசல்ல போயி விழுந்துச்சு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது அப்படித்தான் தெரியும்.

நடந்தது இதுதான். ஜெகபர் அலி பாயிடம் இரண்டு அறுப்பு மெஷின்கள் இருக்கின்றன. அவற்றை இந்த சீசனுக்குக் கம்பெனி மொத்தமாகப் பேசிப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் யாருக்கு முதலில் மெஷின் என்பதில் வரப்புக்கு வரப்பு சண்டை. அதனால் இந்த வருடம் சீட்டுக் குலுக்கல். புதன்கிழமை எவர்சில்வர் குடத்தில் அறுபது சீட்டு போட்டு, உறுப்பினர் எண் வரிசைப்படி ஆளுக்கொன்று எடுத்தார்கள். சிங்காரவேலுவுக்கு ஜனவரி 27. மருதையனுக்கு பிப்ரவரி 9, கடைசிக்கு முந்தின நாள். பிப்ரவரி இரண்டாம் தேதியிலிருந்து மழை இருக்கிறது என்று வானிலை அறிக்கை வேறு சொல்லியிருந்தது. மருதையன் சீட்டைப் பிரித்துப் பார்த்து, "மெஷின் வரும்போது நெல்லை அறுக்கவேண்டாம், அள்ளி ஊத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்த நம்பருக்கு எந்த நாள் என்பதை அலி பாய் தன் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். அவர் ஷார்ஜாவில் பதினாலு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எக்செல் ஷீட்டுக்குக் கலர் அடிப்பதில் அவரை இந்தத் தாலுகாவில் யாரும் மிஞ்ச முடியாது. அவர் கடை எதிர்ச்சாரியில் இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே வைஃபை என்பதால், அந்த 'மெஷின் முறை' ஃபைலைப் பொது ஃபோல்டரில் போட்டுவைத்தார். தமிழ்நிலா அதே ஃபோல்டரில் இருந்த தன் உறுப்பினர் ஃபைலில் ஒரு இண்டெக்ஸ் ஃபார்முலா எழுதி, அங்கிருந்து தேதியை இங்கே இழுத்தாள். ஒன்றாம் நம்பருக்கு முதல் தேதி, இரண்டாம் நம்பருக்கு இரண்டாவது தேதி. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து அறுபதையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. மூடிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை ஃபைலைத் திறந்ததும், இதில் வேறு ஃபைலுக்கு இணைப்பு இருக்கிறது, புதுப்பிக்கலாமா என்று எக்செல் கேட்டது. புதுப்பி என்றாள். முந்தாநாள் அவள் விட்டுப்போன இடத்திலேயே, நாற்பதாவது வரிக்குக் கீழே, ஷீட் திறந்திருந்தது. கண்ணில் பட்டதெல்லாம் ஒழுங்கான தேதிகள். அறுபது பேருக்கும் மெசேஜைத் தட்டிவிட்டாள். மேலே ஏறி ஒருமுறை பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

"நாலு மணிக்கு மத்த டைரக்டருங்களையும் வரச் சொல்றேன்" என்றார் சிங்காரவேலு. "அவங்க முன்னாடி சொல்லு, எப்படி நடந்துச்சுன்னு. சொல்ல முடியலைன்னா மேற்கொண்டு நீ வரவேண்டியதில்லை."

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுடுவேன் சார்."

அந்த 'சார்' அவருக்குப் பிடிப்பதில்லை. மருதையனின் அப்பா அவர் வயலில் அறுத்தவர். அந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்த சொல் எப்போதும் 'ஐயா'தான். மருதையன் அதே வயலை ஒட்டி இரண்டு ஏக்கர் வாங்கிய பிறகும் 'ஐயா' நிற்கவில்லை. மகள்தான் 'சார்' ஆக்கினாள். அதில் மரியாதைக் குறைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனாலேயே அவருக்கு அது உறுத்தியது.

அவர் படியிறங்கியதும் தமிழ்நிலா ஃபைலின் உச்சிக்குப் போனாள். ஃபார்முலாவைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஃபோல்டர் பெயர் சரி. ஃபைல் பெயர் சரி. ஷீட் பெயர் சரி. சி காலத்தில், அதாவது சி நெடுவரிசையில், இரண்டாவது வரியிலிருந்து அறுபத்தொன்றாவது வரிவரை, அதுவும் சரி. ஒரு ஃபார்முலா தவறு செய்தால் சாதாரணமாக ஏதாவது கூச்சல் போடும், கட்டத்தில் # குறியெல்லாம் காட்டும். இது சத்தமே போடவில்லை. பொய்யைப் பதற்றமில்லாமல் சொல்கிற ஆளைப்போல் உட்கார்ந்திருந்தது.

கீழே உரக்கடைப் பையன்களிடம் கேட்டிருந்தால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். கேட்காமலே அதையும் செய்து பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து வந்து மறுபடியும் 24-02-1902 என்றது.

எதற்காக 1902? தவறு என்றால் எத்தனையோ தேதி இருக்கிறதே. பிப்ரவரி 24 எங்கிருந்து வந்தது? எக்செல்லுக்குத் தேதி என்று ஒன்று கிடையாது என்பது அப்போது அவளுக்கு நினைவு வந்தது. அதற்கு எல்லாமே எண். 1900 ஜனவரி முதல் தேதியை ஒன்று என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து நாள் நாளாக எண்ணி வருகிறது. தேதி என்பது அந்த எண்ணுக்கு நாம் மாட்டிவிடும் சட்டை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் என்ன?

அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தேதி வடிவத்தை எடுத்துவிட்டுச் சாதாரண எண்ணாக மாற்றினாள்.

786.

தமிழ்நிலா செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள்.

ஜெகபர் அலி கடை என்பது மெஷின்களின் பெல்ட்டும் பேரிங்கும் கிரீஸ் டப்பாவும் நிறைந்த ஒரு நீள அறை. நடுவில் கம்ப்யூட்டர். அதற்கு இந்தப் பக்கம் அலி பாய், அந்தப் பக்கம் அவருடைய கூட்டாளி இராஜாங்கம். மெஷினை ஓட்டுவது, டிரைவர்களை மேய்ப்பது, வயலில் சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் இராஜாங்கம். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு; ஆனாலும் இராஜாங்கத்துக்கு அவர் 'மாமா'. அலி பாய் ஷார்ஜாவில் இருந்த வருடங்கள் தவிர மற்ற எல்லா நாளும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே வாழ்ந்தவர்கள்.

"பாய், அந்த மெஷின் முறை ஃபைலைக் கொஞ்சம் திறங்க."

"ஏம்மா, ஏதாவது குறையா? கலர் பத்தலையா?"

திறந்தார். உச்சியில் சி காலத்தில், முதல் வரியில் மஞ்சள் கட்டத்துக்குள் 'உ' என்று பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே இரண்டாவது வரியில் பச்சைக் கட்டத்துக்குள் 786. மூன்றாவது வரியில் 'அறுவடை நாள்' என்ற தலைப்பு. நாலாவது வரியில்தான் சிங்காரவேலுவின் 27-ஆம் தேதி தொடங்கியது.

"இது எப்ப போட்டீங்க?"

"எது, 786-ஆ? நேத்து வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு வந்து போட்டேன். வீட்டுல ரசியா கேட்டா, இவ்வளவு பெரிய வேலை ஆரம்பிக்கிறீங்களே, தலையில ஒண்ணும் எழுதலையான்னு. நியாயம்தானேன்னு மேல ஒரு வரி சேத்துப் போட்டேன்."

"அதுக்கு மேல இருக்கிறது?"

அலி பாய் இராஜாங்கத்தைப் பார்த்தார். இராஜாங்கம் கையிலிருந்த பேரிங்கை ஊதினார்.

"நான் டீ குடிச்சுட்டு வந்து பாத்தேன்மா. பாய் எழுதிட்டாரு. நல்லதுதான். வண்டி ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே ஓடுது? நம்ம சார்புல ஒண்ணு இருக்கட்டும்னு அவரு தொழுவப் போனப்ப ஒரு வரி போட்டேன்."

"யோவ், கீழ போட்டிருக்கலாம்ல? எனக்கு மேல போட்டிருக்கியே."

"பிள்ளையார் சுழியைக் கீழ போடுவாங்களா எங்கேயாவது? மாமா, நீங்க ஊரெல்லாம் சுத்தினவரு. தெரிஞ்சு பேசுங்க."

தமிழ்நிலா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கு முடிவாகவில்லை. "நான் ரெண்டாவது வரியிலேருந்து எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க ஆளுக்கு ஒரு வரி மேல சேத்தீங்களா, எல்லாரும் ரெண்டு வரி கீழ எறங்கிட்டாங்க. என் ஃபார்முலாவுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பழைய ரெண்டாவது வரியில கையை விட்டு எடுக்குது. முதல் ஆளுக்கு 786, ரெண்டாவது ஆளுக்குத் தலைப்பு, மூணாவது ஆளுக்கு முதல் ஆளோட தேதி. கடைசிவரைக்கும் எல்லாருக்கும் அடுத்தவங்க தேதி."

"இது என்னம்மா அக்கிரமம்? எக்செல்லு தானா மாத்திக்குமே" என்றார் அலி பாய். தொழில் தெரிந்தவரின் கோபம் அது. "நான் ஷார்ஜாவுல எத்தனை வரி சேத்திருக்கேன்!"

"ரெண்டு ஃபைலும் ஒரே நேரத்துல, ஒரே கம்ப்யூட்டர்ல திறந்து இருந்தா மாத்திக்கும் பாய். என் ஃபைலு மூடிக் கெடந்துச்சு. தூங்குறவன்கிட்ட யாரு போயி சொல்றது, உன் வீட்டு நம்பரு மாறிடுச்சுன்னு?"

இராஜாங்கம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மூணாம் நம்பருக்கு முதல் முறை வந்துச்சுன்னா... அது மருதையண்ணன் ஆச்சே?"

"ஆமா. சிங்காரவேலு சார் நான்தான் மாத்துனேங்கிறாரு. நாலு மணிக்கு மீட்டிங். நிரூபிக்கலைன்னா வீட்டுக்குப் போன்னுட்டாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மவுசுக்குக் கை நீட்டினார்கள். அலி பாய் முந்தினார். "எடுத்துடுறேன், இந்தா." அம்புக்குறி 786-இன்மேல் போய் நின்றது. நின்றதே தவிர, அழுத்தவில்லை.

"மாமா, அதை எடுக்காதீங்க" என்றார் இராஜாங்கம். "ரசியா அக்கா சொல்லிப் போட்டது. எடுத்தது தெரிஞ்சா பெருநாளைக்கு எனக்குச் சோறு கிடைக்காது. என்னோடதை எடுங்க."

"நான் உன் பிள்ளையாரை அழிச்சேன்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரணும், அதானே? நீயே எடு."

"நானா? மெஷினைக் கிளப்புற நேரத்துலயா? வாய்க்கால்ல எறங்கிப் படுத்துச்சுன்னா யாரு தூக்குறது?"

"ரெண்டு பேரும் எதையும் எடுக்கவேண்டாம்" என்றாள் தமிழ்நிலா. "ரெண்டும் இருக்கட்டும். தப்பு என் மேலதான். எத்தனாவது வரின்னு எண்ணினதுதான் தப்பு. உங்க ஷீட்டுல ஏ காலத்துல உறுப்பினர் நம்பர் இருக்குல்ல? அதைத் தேடி எடுக்கச் சொல்லிடுறேன். அப்புறம் மேல நீங்க யாரை வேணும்னாலும் உக்கார வைங்க. நம்பரைத் தேடிப் பிடிச்சு அதுக்கு நேரா இருக்கிற தேதியைத்தான் எடுக்கும்."

"786-ஐத் தேடி எடுத்துடாதே?"

"நம்ம கம்பெனியில எழுநூத்து எண்பத்தாறாவது உறுப்பினர் சேந்தாக்கூட எடுக்காது. நீங்க அதை சி காலத்துல போட்டிருக்கீங்க."

அலி பாய் மரியாதையோடு தலையாட்டினார். அதே இடத்தில், அவர் கண்முன்னால், அவள் தன் ஃபைலைத் திறந்து ஃபார்முலாவை மாற்றினாள். இண்டெக்ஸுக்குள் நம்பரைத் தேடும் ஒரு மேட்ச். வரி எண் எதுவும் இல்லாமல் முழு நெடுவரிசை. கடைசி அடைப்புக்குறியைப் போட்டதும் விரல் எண்டர்மேல் நின்றது.

இதை அழுத்தினால் அப்பாவுக்கு மறுபடியும் பிப்ரவரி 9. மழைக்கு ஒரு வாரம் கழித்து. இரண்டு ஏக்கரிலும் கதிர் முற்றிச் சாய ஆரம்பித்திருந்தது. நேற்று அம்மா ஒரு பிடி உருவி வந்து காட்டினாள்.

அழுத்தினாள். ஒன்றாம் நம்பருக்கு 27-01-2026 என்று வந்தது. இரண்டாம் நம்பருக்கு 31. மூன்றாம் நம்பருக்கு 09-02-2026.

வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது திருத்திய மெசேஜ் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மருதையன் தட்டுக்கு முன்னால் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, காலையில குடுத்தே, மத்தியானம் புடுங்கிக்கிட்டே?"

"அது நம்ம முறை இல்லப்பா. ஷீட்டுல தப்பு."

அம்மா அம்சம் சோற்றுக் கரண்டியோடு வந்தாள். "அவனவன் வீட்டுல பொண்ணுக்கு வேலை கிடைச்சா அப்பனுக்கு ஒரு உபகாரம் நடக்கும். நம்ம வீட்டுலதான் தானா வந்ததையும் திருப்பி அனுப்பும்."

"விடு" என்றார் மருதையன். "எனக்கு ஒரே வருத்தம். டீக்கடையில பதினோரு பேருக்கு நான் டீ வாங்கிக் குடுத்துட்டேன்."

நாலு மணிக் கூட்டத்தில் தமிழ்நிலா இரண்டு ஃபைலையும் திறந்து காட்டினாள். இரண்டு டைரக்டர்கள் சிரித்தார்கள். ஒருவர் புரியாமல் தலையாட்டினார். தலைவர் வரவில்லை, மன்னார்குடியில் ஒரு காதுகுத்து. சிங்காரவேலு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதாவது, பிள்ளையாரும் பாயும் சேந்து உங்கப்பனுக்கு முதல் முறை வாங்கிக் குடுத்தாங்க. அப்படித்தானே? நல்லா இருக்கும்மா கதை. மாட்டிக்கிட்டதால திருத்தினே. நான் கேக்காம இருந்திருந்தா?"

தலைவர் வந்ததும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிவு செய்வது என்று எழுதி எழுந்தார்கள். அதுவரை அவள் வேலை பார்க்கலாம். ஷீட்டைத் தொடும்போது ஒரு டைரக்டர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, பனி விலகும் நேரத்தில், மெஷின் சிங்காரவேலுவின் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் என்பதால் ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்று தமிழ்நிலாவும் போயிருந்தாள். வெற்றிலை பாக்கு, மெஷினுக்குக் கதம்பம், தேங்காய் எல்லாம் சிங்காரவேலு தயாராக வைத்திருந்தார். வரப்பில் இருபது பேர் நின்றார்கள். அடுத்த வரப்பில் மருதையன், வாய்க்குள் பல்குச்சியோடு.

இராஜாங்கம் வண்டியிலிருந்து இறங்கி வயலுக்குள் நாலு எட்டு வைத்தார். ஒரு கதிரைப் பிடித்து உருவி, இரண்டு நெல்லை நகத்தால் கிள்ளினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. அதை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஐயா, இது பாலு."

"என்னது?"

"பால் இன்னும் இறுகலை. இன்னும் பத்து நாள், பன்னெண்டு நாள் வேணும். இதை அறுத்தா உங்களுக்கு வைக்கோல்தான் மிஞ்சும்."

சிங்காரவேலு வரப்பில் நின்றவர்களைப் பார்க்காமல் வயலைப் பார்த்தார். நாற்று விட்ட சமயம் அவர் இரண்டு வாரம் சென்னையில் மகன் வீட்டில் இருந்துவிட்டார், நடவு தள்ளிப்போனது. அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் குடத்தில் கைவிட்டு முதல் சீட்டை எடுத்த ஆள், எல்லோர் முன்னாலும் கைதட்டு வாங்கிய ஆள், என் நெல் இன்னும் பச்சை என்று எப்படிச் சொல்வது? இந்த ஐந்தாறு நாள் வெயிலில் எப்படியாவது பழுத்துவிடும் என்று இருந்திருக்கிறார்.

"வண்டியைத் திருப்பி அனுப்பினா?" என்று இராஜாங்கத்திடம் தணிந்த குரலில் கேட்டார்.

"விதிப்படி உங்க முறை கடைசிக்குப் போயிடும். சீசன் முடிஞ்சு வண்டி எந்த ஊருல இருக்கும்னு எனக்கே தெரியாது. இல்லைன்னா, ஒத்துக்கிற ஆளோட முறையை மாத்திக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு முறை வர்றவரா இருக்கணும், நெல்லும் இப்ப பழுத்திருக்கணும், வண்டி போற தூரத்துல இருக்கணும்."

சொல்லிவிட்டு இராஜாங்கம் வேண்டுமென்றே எங்கேயும் பார்க்கவில்லை. வரப்பில் நின்ற இருபது பேரும் மருதையனைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் இரண்டு ஏக்கரும் பொன்னாகச் சாய்ந்து கிடந்தன.

சிங்காரவேலு வரப்புவரை நடந்து போனார். "மருதையா, உனக்கு ஒம்பதாந் தேதி தானே?"

"ஆமாங்க. முறைப்படி ஒம்பதுதான்."

"இன்னைக்கே அறுத்துக்கயேன். ஒம்பதை நான் எடுத்துக்கிறேன்."

மருதையன் பல்குச்சியை எடுத்துவிட்டு நன்றாக யோசிப்பதுபோல் நின்றார். "வேணாங்க. குடத்துல எடுத்தது எடுத்ததுதான். மழை வந்தா வரட்டும். இப்ப நான் அறுத்தேன்னா, நாளைக்கு யாராவது சொல்லுவாங்க, ஆபீசுல என் பொண்ணுதான் மாத்திக் குடுத்துச்சுன்னு. எதுக்குங்க பொல்லாப்பு?"

தமிழ்நிலாவுக்கு அப்பாவின் முகம் தெரியும். பதினோரு டீயின் விலையும் அதில் தெரிந்தது.

"நான் சொல்றேன்யா, நானே குடுத்தேன்னு."

"வாயால சொன்னா காத்துல போயிடுங்க. ஆபீசுல என்ன முறையோ தெரியலையே." மகள் பக்கம் திரும்பினார். "மேடம், என்ன செய்யணும்?"

அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தமிழ்நிலா சிரிப்பைக் கடித்துக்கொண்டாள்.

"முறை மாத்தணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணுங்க. வந்ததும் பாய் ஷீட்டுல மாத்துவாரு. ஷீட்டைத் தொடும்போது பக்கத்துல ஒரு டைரக்டர் இருக்கணும். சார் இருக்காரு, அதனால கவலையில்லை."

யாரோ ஒருவர் பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். மெஷினின் ஏணிப்படியில் தாளை வைத்துச் சிங்காரவேலு எழுதினார். என் சொந்த விருப்பத்தின்பேரில், வயல் பழுக்காத காரணத்தால், என் முறையை உறுப்பினர் எண் மூன்று மருதையனுக்கு... எழுதி முடித்துக் கையெழுத்துக்கு இடம் தேடினார்.

"ஒரு வரி பாக்கி இருக்குங்க" என்றார் மருதையன்.

"என்ன வரி?"

"சனிக்கிழமை வந்த மெசேஜ்ல ஆபீசுல யாரும் வேணும்னு கைவைக்கலைன்னு. மேலயே எழுதினாலும் சரி, கீழ எழுதினாலும் சரி. சாயங்காலம் கூட்டம் இருக்காம்ல, அங்க வைக்கிறதுக்கு ஒத்தாசையா இருக்கும்."

சிங்காரவேலு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மருதையன் அவரைத் திரும்பப் பார்த்தார். மெஷின் கடகடவென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. டீசல் வீணாவதை இராஜாங்கம் சொல்லிக்காட்டவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

எழுதினார். தாளின் மேலே இரண்டு வரியாயிற்று. கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, தாளை நீட்டினார்.

மருதையன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். தினசரி பேப்பரை டீக்கடையில் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிற ஆள். அன்று மட்டும் அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தாளைத் தூரத்தில் பிடித்து, இராஜாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த வண்டியைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுய்யா. என்ன எழுதியிருக்காருன்னு படிச்சுப் பாக்கணும்ல? வரப்புல நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

மெஷின் அடங்கியது. வயல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மருதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.